உயிரோடிருக்கும் சொல்லுக்குச் சிலுவைக் குறி

ஹார்டன்ஷா ஊரில் மீன் வறுவல் கடை மூன்று உண்டு. அதில் இரண்டு அப்பன் சொத்து. மூன்றாவது ஹெட்டி கிராப்ட்ரீயின் கடை. அதில் ஒரு செங்கல்கூட அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. பன்னிரண்டு வயதில் காலையில் நெசவாலை, மத்தியானம் பள்ளிக்கூடம் என்று அனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். பாவம் என்று வாத்தியாரும் எழுப்ப மாட்டார். பதின்மூன்றில் அந்த அரை நாள் படிப்பும் போயிற்று. முப்பது வருஷம் தறியில் நின்றாள். புருஷன் வில்ஃப் பஞ்சுத் தூசியில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்த பிறகு தறியை விட்டுக் கொழுப்புச் சட்டியைப் பிடித்தாள். கணக்கும் வியாபாரமும் படித்தவர்கள் கூடித் தொடங்கிய கடைகள் எத்தனையோ ஆறு மாதத்தில் பூட்டிக்கொண்டு போயிருக்கின்றன. ஹெட்டியின் கடையில் வெள்ளிக்கிழமை வரிசை தேவாலய முக்கு வரை நிற்கும். இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். உள்ளதைச் சொல்வது எப்படித் தற்பெருமை ஆகும்?

அந்தக் கடைக்குள் ஓர் அகராதி புகுந்தது 1962-ஆம் வருஷம். மீன் சுற்ற எடுத்த பழைய செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு இருந்தது. தெற்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாக அகராதி தொகுக்கிறார்களாம். 'செட்' என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் நூற்றுக்கு மேல் போகிறதாம். வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த பொருளைச் சீட்டில் எழுதி அனுப்பி உதவலாமாம்.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள சொல் அது. ஹெட்டி அன்று மத்தியானமே வரிசையில் நின்றவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

"டாம், உன் வேலையில செட்டுன்னா என்ன?"

"சுவத்துல பூசின சாந்து இறுகுறது. இது தெரியாதா உனக்கு?" என்றார் சாந்து பூசுகிறவர்.

"இறுகுறதா? எங்களுக்கு அது பல்லு," என்றார் பின்னால் நின்ற ரம்பம் தீட்டுகிறவர். "ரம்பத்துப் பல்லை ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம்னு வளைச்சு விடுவோமே, அது செட்."

"அடைகோழிக்கு அடியில வைக்கிற முட்டை," என்றது ஒரு குரல்.

"என் தலையைப் பாருங்கய்யா. காலையில ஒரு மணி நேரம் சுருள் மாட்டி உக்காந்திருந்தேனே, அதுக்குப் பேரு என்னவாம்?" என்றாள் தபால் ஆபீஸ்காரி.

தெருவில் பாவுகிற கருங்கல்லும் செட் என்றார்கள். கரடி முகமும் வரிக்கோடுமாக மண்ணைத் தோண்டுகிற வளைக்கரடியின் வளையும் செட். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற கணக்கும் அதுவே. அதை ஹெட்டிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மீனுக்கு அடியில் வைக்கிற வெள்ளைத் தாளைக் கத்தரித்துச் சீட்டாக்கினாள். இரண்டு மாதத்தில் நூற்று நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது.

அதில் அவளுக்கு உயிரான சீட்டு ஒன்றுதான். ஹார்டன்ஷாவில் ஒருவரை வீட்டுக்குப் பாதி வழி வரை கூடவே நடந்து கொண்டுபோய் விடுவதற்குச் 'செட் விடுவது' என்று பெயர். அதற்கு ஒரு முறை உண்டு. சந்தைக் கட்டடத்திலிருந்து கல்குவாரிக் கேட் வரை நான் உன்னைச் செட் விட்டால், கேட்டில் நின்று நீ சும்மா 'வரேன்' என்று போய்விடக் கூடாது. திரும்ப என்னைக் குதிரைத் தொட்டி வரை செட் விட வேண்டும். அங்கிருந்து மறுபடி நான். இப்படிப் போய்ப் போய் வந்தே வில்ஃப் ஹெட்டியைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தார். மரக்கட்டை அடி வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி தேய்ந்தது, பேச்சு மட்டும் தீரவில்லை. இன்றைக்கும் வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து ஹெட்டியும் கிளாரா அட்லியும் அப்படித்தான் நடக்கிறார்கள். கிளாரா முப்பது வருஷம் பக்கத்துத் தறியில் நின்றவள். தறி இரைச்சலில் சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிப் பழகியதால், சும்மா பேசும்போதும் அவள் வாய் ஒரு பெரிய வாசல் மாதிரித் திறந்து மூடும்.

சீட்டுகள் போயின. பதில் வந்தது. மிஸ் தோர்ன்பரி என்று ஒரு பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். மரியாதையான கடிதம். ஆனால் வாயால் சொன்னது சான்று ஆகாதாம். எந்த அர்த்தமானாலும் அச்சில் வந்திருக்க வேண்டுமாம். புத்தகமோ பத்திரிகையோ, தேதியோடு, பக்கத்தோடு. நூற்று நாற்பத்தொன்றில் ஆறு தேறின. விதைப் பொட்டலத்திலும் தலைக்குத் தடவும் தைலப் புட்டியிலும் பார்த்து எழுதிய ஆறு. மற்றவை திரும்பி வந்தன. அவற்றில் எண்ணெய்க் கறை இருப்பதையும் பணிவோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

ஹெட்டிக்கு உச்சந்தலையில் மாவு பொரிந்தது.

"அப்போ நாம பேசுறது என்னடி? குரைக்கிறதா?" என்றாள் கிளாராவிடம். "ஊரே பேசுது. ஒரு துரை வந்து புத்தகத்துல எழுதினாத்தான் அது சொல்லாம்."

"துரையைக் கேளேன். ஆம்லர் சார்கிட்டதான் ஒரு வீடு நிறையப் புத்தகம் இருக்கே."

பெர்சிவல் ஆம்லர் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கே சர்ரேக்காரர். முப்பது வயதில் வேலைக்காக இங்கே வந்தவர். ஹெட்டி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, சீட்டுக் கட்டைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். உட்காரச் சொன்னார். தேநீர் தரவில்லை.

"செட் விடுறதா?" என்று அந்தச் சீட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "அது சொல்லே இல்லை, மிஸஸ் கிராப்ட்ரீ. ஆலைப் பெண்கள் செய்யற பிழை. என் பசங்க வாயிலேருந்து அதை எடுக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு."

"எடுத்தீங்களா சார்? நேத்துகூட உங்க பழைய பசங்க ரெண்டு பேர் என் கடை வாசல்ல அதைத்தான் சொன்னாங்க."

"பெட்டியை ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க. ஏதாவது கிடைக்குதான்னு பார்க்கறேன்."

விட்டுவிட்டு வந்தாள். இப்போது யோசித்தால் சொந்தக் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மீன் வாங்குபவனிடம் கடைச் சாவியைக் கொடுக்காதவள், சீட்டை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தாள். படித்தவர்களைக் கண்டால் நமக்கு உள்ளுக்குள் எங்கேயோ ஒரு முதுகு வளைந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று துண்டுச் சீட்டு. மூன்றாம் வாரம் ஊர்ப் பத்திரிகையான ஹார்டன்ஷா கூரியரில் அரைப் பக்கக் கட்டுரை: 'நம் பள்ளத்தாக்கின் பழஞ்சொற்கள்', எழுதியவர் பெர்சிவல் ஆம்லர். ரம்பப் பல், அடைகோழி, தெருக்கல் எல்லாம் ஹெட்டியின் சீட்டில் இருந்த அதே வரிசையில். கடைசியில் இப்படி: 'வழித்துணையாய்ப் பாதி தூரம் நடப்பதைச் செட் விடுவது என்பார்கள், என் சிறுவயதில் இந்த இனிய சொல்லைக் கேட்டு வளர்ந்தேன்.'

"சிறுவயசுலயா?" என்றாள் கிளாரா, வாயை அகலத் திறந்து. "சிறுவயசுல அந்த ஆள் சர்ரேல கால்சட்டை போட்டுட்டு இருந்தாரு."

அதோடு போகவில்லை. அந்தக் கட்டுரையை அவரே வெட்டி அகராதிக்கு அனுப்பியிருக்கிறார். மிஸ் தோர்ன்பரி ஹெட்டிக்கு மகிழ்ச்சியோடு ஓர் அட்டை போட்டிருந்தாள். நீங்கள் குறிப்பிட்ட பொருளுக்கு அச்சுச் சான்று கிடைத்துவிட்டது, திரு. ஆம்லரின் பெயரோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று.

வெள்ளிக்கிழமை ஆம்லர் வழக்கம்போல் மீன் வாங்க வந்தார். வரிசையில் இருபது பேர். ஹெட்டி மீனை எடுத்து, உப்பும் வினிகரும் தெளித்து, அவருடைய கட்டுரைப் பக்கத்திலேயே சுற்றினாள். அவர் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது என் கட்டுரை."

"ஆமா சார். உள்ள இருக்கிறது என் சீட்டு."

"சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை, மிஸஸ் கிராப்ட்ரீ."

"மீனும் கடல்ல இருக்கிற வரைக்கும் யாருக்கும் சொந்தமில்லைதான். அதுக்காக என் சட்டியிலேருந்து எடுத்துட்டு, நானே பிடிச்சேன்னு சொல்லுவீங்களா?"

வரிசையில் யாரோ செருமினார்கள். ஹெட்டி விடவில்லை. "பிழைன்னீங்க. பசங்க வாயிலேருந்து பிடுங்கினேன்னீங்க. இப்போ கேட்டு வளர்ந்தீங்களா? எந்தத் தெருவுல சார்?"

"நான் அச்சில் ஏற்றாவிட்டால் அது உள்ளேயே போயிருக்காதே. நீங்க நன்றி சொல்லணும்."

அதுதான் அவளைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. ஊர் முழுக்கப் பேசியபோது இல்லாத சொல், திருடியவர் எழுதியதும் பிறந்துவிட்டது. அன்று முழுக்க அவள் வறுத்த மீன் எல்லாம் ஒரு நிமிஷம் கூடுதலாகச் சிவந்தது.

இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, மிஸ் தோர்ன்பரிக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். எழுத்துப் பிழை இருந்திருக்கும். பொய் இல்லை. இரண்டாவது, ஆம்லருக்கு முந்தி எங்காவது அந்தச் சொல் அச்சில் வந்திருக்கிறதா என்று தேடப் புறப்பட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு விடுமுறை. கிளாராவையும் இழுத்துக்கொண்டு ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே கூரியரின் பழைய வருஷங்கள் ஒவ்வொன்றும் கல்லறைக் கல் கனத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தன.

பதினோரு செவ்வாய்க்கிழமை. விரலை வரியில் வைத்து ஹெட்டி படித்தாள். கிளாரா கொலை வழக்குகளில் நின்றுவிடுவாள். நூலகத்தில் பேசக் கூடாது. அவர்களுக்கு அது ஒரு கஷ்டமா? இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் உட்கார்ந்து உதட்டாலேயே ஊர்வம்பு முழுக்கப் பேசினார்கள். நூலகர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியாகப் படிக்கிறவர்களைக் கண்டதில்லை என்று போனார்.

அந்தப் பத்திரிகையில் எல்லாம் இருந்தது. ஆலை முதலாளி வீட்டு விருந்தில் என்ன சமைத்தார்கள் என்றுகூட இருந்தது. ஆலையில் நின்ற எண்ணூறு பேர் என்ன பேசினார்கள் என்று ஒரு வரி இல்லை. அவர்கள் பேச்சு பேசியபடி அச்சாகிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று ஆறாவது செவ்வாய்க்கிழமை ஹெட்டிக்கு விளங்கியது. கோர்ட். கூண்டில் ஏறினால் மட்டும் நம் வாயை எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகு கோர்ட்டுப் பத்தியை மட்டும் படித்தாள்.

1887 அக்டோபர். ஆலை மேஸ்திரி ஒருவன் வழியில் மறித்து மார்த்தா என்ற பெண்ணின் கையை முறுக்கினான் என்று வழக்கு. சாட்சி சாரா ஆன் கிரீன்வுட், வயது பத்தொன்பது, நெசவுக்காரி. அச்சில் இப்படி இருந்தது:

'சாட்சி: மார்த்தாவைக் கல்குவாரிக் கேட் வரைக்கும் செட் விட்டுட்டு இருந்தேன். குமாஸ்தா: என்ன விட்டுக்கொண்டிருந்தாய்? சாட்சி: செட், ஐயா. (சிரிப்பு.) குமாஸ்தா: இது ஆங்கிலமா? (மறுபடி சிரிப்பு.)'

வழக்கு தள்ளுபடி. மேஸ்திரி விடுதலை.

கிளாரா எட்டிப் பார்த்து உதட்டை அசைத்தாள்: கிடைச்சிடுச்சா?

ஹெட்டி நூலகம் என்பதை மறந்து வாய்விட்டே சொன்னாள். "கிடைச்சிடுச்சு. பாருடி, சிரிச்சிருக்கானுங்க. தோழி கையை மேஸ்திரி முறுக்கியிருக்கான், அந்தப் பிள்ளை சாட்சி சொல்லுது. என்னடா நடந்ததுன்னு கேக்காம, நீ பேசுறது ஆங்கிலமான்னு அந்தக் குமாஸ்தா கேட்டிருக்கான்."

நூலகர் ஓடி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் ஹெட்டி பார்த்த பார்வையில் திரும்பிப் போனார்.

வரி விடாமல் பெயர்த்து எழுதி, தேதியும் பக்கமும் போட்டு அனுப்பினாள். இந்த முறை கறை இல்லாத தாள். ஒரு மாதம் கழித்து அகராதிப் பக்கத்தின் அச்சுப்படி வந்தது. சாரா ஆன் கிரீன்வுட்டின் வாக்கியம் அதில் இருந்தது. ஆம்லர் இல்லை. ஆனால் அந்தப் பொருளுக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவைக் குறி.

"இது என்ன சிலுவை? ஜெபக்கூட்டத்துக்குப் போறதாலயா?" என்றாள் கிளாரா.

கடிதத்தில் விளக்கம் இருந்தது. சிலுவைக் குறி என்றால் வழக்கொழிந்த சொல் என்று பொருள். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு திரு. ஆம்லரின் கட்டுரையை நம்பத் தகாதது என்று நீக்கிவிட்டோம். மிச்சமிருப்பது 1887 மட்டுமே. அதற்குப் பிறகு அச்சில் சான்று இல்லாததால் செத்த சொல்லாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் உங்கள் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றால் திரு. ஆம்லரின் வரியைச் சேர்த்துச் சிலுவையை எடுத்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கவும்.

ஹெட்டி கடிதத்தை மூன்று முறை படித்தாள். வில்ஃபோடு நடந்த வழி, முந்தாநாள் கிளாராவோடு நடந்த வழி, எல்லாவற்றின் மேலும் கல்லறைக் குறியைப் போட்டுவிட்டார்கள்.

"எழுதிக் குடுத்துடேன், ஹெட்டி," என்றாள் கிளாரா. "அந்த ஆளு பேரு இருந்துட்டுப் போகட்டும். சொல்லு பொழைக்குதுல்ல."

"பொழைக்கும். அவரு பெத்த பிள்ளைன்னு பேரு வச்சுப் பொழைக்கும்."

"இல்லேன்னா செத்துப்போகும்."

"நீ சும்மா இருடி."

எட்டு நாள் யோசித்தாள். ஒன்பதாம் நாள் பேனாவை எடுத்து 'மதிப்பிற்குரிய மிஸ் தோர்ன்பரி, ஆட்சேபத்தை' என்பது வரை எழுதியும்விட்டாள். அப்போது ஒருவர் இரண்டு மீன் கேட்டார். சுற்ற எடுத்த தாளில் விளம்பரப் பத்தி: காணாமல் போன நாய், வாடகைக்கு அறை, பாதி விலைக்குத் தொட்டில். அச்சு, தேதி, பக்கம். எழுதியது எந்தத் துரையும் இல்லை, நாயைத் தொலைத்தவன்.

மாவுக் கையோடு கூரியர் ஆபீசுக்குப் போனாள். விளம்பர மேஜைக்காரர் அவள் எழுதிக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எந்தத் தலைப்புல போடுறதுங்க? காணாமல் போனவையா, விற்பனைக்கா, மரண அறிவித்தலா?"

"மரணம் இல்லய்யா. உயிரோட இருக்கிறதுக்கு ஒரு தலைப்பு இருக்கா?"

"அப்படித் தனியா இல்லீங்க."

"அப்போ பொதுவுல போடுங்க. ஆனா ஒரு எழுத்தும் திருத்தக் கூடாது."

வந்தது: 'வரும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சந்தைக் கட்டடத்திலிருந்து கல்குவாரிக் கேட் வரை, வருகிறவர் எவரானாலும் செட் விடப்படுவார். ஹெட்டி கிராப்ட்ரீ, மீன் கடை.'

"இது திருட்டு வழி இல்லையாடி?" என்று கிளாரா கேட்டாள்.

"போட்டுட்டு நடக்காம இருந்தாத்தான் திருட்டு. நான் நடக்கப் போறேன்."

சனிக்கிழமை தூறல். ஹெட்டி பத்துப் பேரை எதிர்பார்த்தாள். அறுபதுக்கு மேல் நின்றார்கள். சாந்து பூசுகிற டாம் வந்திருந்தார், தபால் ஆபீஸ்காரி சுருள் முடிக்கு மேல் பிளாஸ்டிக் தொப்பி போட்டு வந்திருந்தாள். ஆம்லர் எதிர்ப் பக்க நடைபாதையில் குடையோடு நின்றார். வேடிக்கை பார்க்க வந்தாரோ, வேறு எதற்கோ.

"நீங்களும் வரலாம் சார்," என்றாள் ஹெட்டி. "எவரானாலும்னுதான் போட்டிருக்கேன். ஆனா முன்னால நடக்க வேண்டாம்."

அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு வேறு தெருவில் திரும்பிப் போய்விட்டார்.

கல்குவாரிக் கேட் வரை நடந்தார்கள். கேட்டில் ஹெட்டி 'வரேன்' என்றதும் டாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? இப்போ உன்னை நாங்க செட் விடணும்." அறுபது பேரும் அவளைக் குதிரைத் தொட்டி வரை கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அவள் அவர்களை. மூன்றாவது தடவை சாலையைக் கடக்கும்போது ஒரு போலீஸ்காரர் லாரிகளை நிறுத்திவிட்டு, இது என்ன ஊர்வலம், யாருக்கு எதிராக என்று கேட்டார். "செட் விடுறோம்" என்று அறுபது பேரும் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்.

அடுத்த வார கூரியர் அதை நாலு வரிச் செய்தியாகவும் போட்டது. ஆக அச்சு இரண்டு. இரண்டையும் வெட்டி ஹெட்டி அனுப்பினாள். கூட ஒரு கடிதம்: 'அம்மா, நீங்கள் செத்ததாகச் சொன்னது சனிக்கிழமை மழையில் மூன்று தடவை நடந்தது. ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவில்லை. சிலுவையை எடுங்கள்.'

பதில் இரண்டு வாரத்தில் வந்தது. சிலுவையை எடுத்துவிட்டோம். 1887-க்கு அடியில் கூரியர் விளம்பரத்தைச் சேர்த்திருக்கிறோம். தங்கள் விடாமுயற்சிக்கு நன்றி.

கடை திறந்திருந்த நேரம். கிளாரா வரிசைக்கு வெளியே நின்று கடிதத்தை உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, "இப்பவாச்சும் மனசு ஆறிச்சா?" என்றாள்.

"எதுக்கு ஆறணும்?" என்றாள் ஹெட்டி, மீனை மாவில் புரட்டியபடி. "எழுபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளை கூண்டுல நின்னு சொல்லியிருக்கு, நம்பல. நான் நூத்தி நாப்பத்தொரு சீட்டு எழுதினேன், நம்பல. நாய் காணோம்ங்கிற பத்திக்குப் பக்கத்துல போட்டதும் நம்புறாங்க. நன்றியாம். அவங்க நன்றி எனக்கு எதுக்கு? நான் என்ன அவங்ககிட்டக் கடனா கேட்டேன்? எங்க சொல்லு அது."

"சரிடி, கத்தாத. ஜனங்க நிக்குது."

"நிக்கட்டும். கேட்டுட்டே நிக்கட்டும்," என்று சொல்லி அவள் மீனைச் சட்டியில் விட்டாள்.